சிப் இல்லாத கம்ப்யூட்டர்: ஒரு பழைய பின்பால் இயந்திரத்தைச் சரிசெய்த கதை

விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் விளையாடியவர்களுக்கு அந்தப் பின்பால் விளையாட்டு நிச்சயம் நினைவிருக்கும். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்து விட்டால் வெள்ளிக் குண்டு சீறிக்கொண்டு மேலே போகும். இசட் கீயும் சாய்கோட்டுக் கீயும் கீழே உள்ள இரண்டு பிளிப்பர்களை ஆட்டும். விண்டோஸ் 95-க்கான பிளஸ் தொகுப்பில் வந்து, எக்ஸ்பி வரை நீடித்த இந்த விளையாட்டு விஸ்டாவில் இடம் பெறவில்லை. சின்ன வயதில் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் இதை ஆடியபோது, இது நிஜத்தில் மரத்தாலும் இரும்பாலும் ஆன ஓர் இயந்திரம் என்பதே எனக்குத் தெரியாது.

இப்போது நான் அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகில் சாப்ட்வேர் இன்ஜினீயராக வேலை செய்கிறேன். எங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். போன வருடம் அவருடைய வீட்டின் நிலவறையில் அந்த நிஜ இயந்திரத்தைப் பார்த்தேன். 1950களின் நடுவில் சிகாகோவில் தயாரானது. அவருடைய தந்தை நடத்திய சிற்றுணவகத்தில் நின்றது. பல வருடங்களாக ஓடவில்லை.

பெரியவர் வீட்டை விற்றுவிட்டுச் சிறிய அபார்ட்மென்டுக்குப் போகப் போகிறார். இயந்திரம் ஓடினால், அதுவும் ஆபத்தில்லாமல் ஓடினால், அவருடைய மகள் எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் குப்பை லாரிதான். கையில் மூன்று மாதம் இருந்தது. "நான் சரிசெய்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். இன்ஜினீயரிங் படித்தவன் என்ற தைரியம்!

மரச்சட்ட இயந்திரம் என்றால் என்ன?

பின்பால் இயந்திரத்தின் மேலே உள்ள கண்ணாடியை இரு பக்கமும் பிடித்திருக்கும் நீளச் சட்டங்கள் 1960 வாக்கில் உலோகத்துக்கு மாறின. அதற்கு முந்தைய இயந்திரங்களில் அவை மரத்தால் ஆனவை. அதனால்தான் சேகரிப்பவர்கள் இவற்றை மரச்சட்ட இயந்திரங்கள் என்று தனியாகப் பிரிக்கிறார்கள்.

இந்தத் தொழிலின் தலைநகரமே சிகாகோதான். 1931-ல் டேவிட் காட்லீப் வெளியிட்ட 'பேபிள் பால்' 17.50 டாலர் விலையில் கடைகளுக்குள் நுழைந்தது. அதில் மின்சாரமே இல்லை. பிளிப்பரும் இல்லை. குண்டைத் தள்ளிவிட்டு, அது எந்தக் குழியில் விழுகிறது என்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். 1947-ல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' ஆறு பிளிப்பர்களோடு வந்தது. வடிவமைத்தவர் ஹாரி மாப்ஸ். அடுத்த வருடம் ஸ்டீவ் கோர்டெக் என்பவர் ஜென்கோ நிறுவனத்துக்காகச் செய்த 'டிரிபிள் ஆக்ஷன்' இயந்திரத்தில் இரண்டே பிளிப்பர்களை ஆட்டப் பலகையின் அடியில் வைத்தார். எக்ஸ்பி விளையாட்டில் நீங்கள் பார்த்ததும் அதே ஏற்பாடுதான்.

பிளிப்பர் வரும் முன் இது வெறும் அதிர்ஷ்ட விளையாட்டாக, சூதாட்டமாகவே பார்க்கப்பட்டது. நியூயார்க் நகரம் 1942-ல் இதற்குத் தடை போட்டது. மேயர் லாகார்டியா சம்மட்டியால் இயந்திரங்களை உடைக்கும் புகைப்படங்கள் உண்டு. 1976-ல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றக் குழுவின் முன் ஆடிக் காட்டி, இதில் திறமைக்கும் இடம் உண்டு என்று விளக்கிய பிறகுதான் தடை நீங்கியது.

உள்ளே என்ன இருக்கிறது?

ஆட்டப் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஐ.சி. இல்லை, டிரான்சிஸ்டர் கூட இல்லை. துணி சுற்றிய வயர்கள், காயில்கள், ரிலேக்கள், ஏராளமான தகட்டு ஸ்விட்ச்கள் மட்டுமே. ஆனாலும் இது கணக்குப் போடுகிறது, நினைவில் வைக்கிறது, முடிவெடுக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும்.

ரிலே: காந்தம் இழுத்தால் ஆன், விட்டால் ஆப். கம்ப்யூட்டரில் நாம் பிட் என்கிறோமே, ஒன்று அல்லது பூஜ்யம், அதுதான் இது. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பிட்!

ஸ்டெப்பர்: பல் சக்கரம் வைத்த கவுன்டர். ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஒரு பல் நகரும். அதோடு ஒரு கை நகர்ந்து அடுத்த பல்பை எரிய வைக்கும். இந்த இயந்திரத்தில் ஸ்கோர் சக்கரங்கள் கிடையாது. பின்கண்ணாடியில் எழுதியிருக்கும் லட்சம், பத்து லட்சம் ஆகிய எண்களுக்குப் பின்னால் பல்பு எரிவதுதான் ஸ்கோர். கரன்ட் போனாலும் ஸ்டெப்பர் நின்ற இடத்திலேயே நிற்கும். அதாவது, உங்கள் ஹார்ட் டிஸ்க் போல.

ஸ்கோர் மோட்டார்: மெதுவாகச் சுற்றும் ஒரு மோட்டார், அதன் மேடு பள்ளங்கள் தட்டும் ஸ்விட்ச்கள். 5 லட்சம் தரும் இலக்கில் குண்டு பட்டால், இது சுற்றி 1 லட்சத்துக்கான துடிப்பை ஐந்து முறை அனுப்பும். கம்ப்யூட்டரின் கிளாக் செய்யும் வேலை இது.

இவை எல்லாம் எப்படி இணைகின்றன என்பதைக் காட்டும் பெரிய சர்க்யூட் வரைபடம் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதுதான் இந்த இயந்திரத்தின் புரோகிராம்.

நான் செய்த முதல் தவறு

சாப்ட்வேர்காரனின் பழக்கம் என்ன? முதலில் ஓட்டிப் பார், பிழை வந்தால் திருத்து. அதையே இங்கும் செய்தேன். பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். பல்புகள் எரிந்தன! உற்சாகத்தில் இடது பிளிப்பர் பட்டனை அழுத்தி, பிளிப்பர் தூக்கி நிற்பதை ரசித்துக்கொண்டே இருந்தேன். சில நொடிகளில் கருகும் வாசனை. பெட்டியின் அடியிலிருந்து புகை. பெரியவர்தான் முதலில் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். காயில் வெந்துபோயிருந்தது. அவர் திட்டவில்லை. மடித்த வரைபடத்தை என் கையில் கொடுத்து, முதலில் இதைப் படித்துவிட்டு வா என்றார்.

படித்த பிறகு காரணம் புரிந்தது. பிளிப்பர் காயிலில் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று தடித்த கம்பி. அதிக மின்சாரம் இழுத்துப் பிளிப்பரை வேகமாகத் தூக்கும். மற்றது மெல்லிய கம்பி. குறைந்த மின்சாரத்தில் தூக்கியபடியே பிடித்திருக்கும். பிளிப்பர் உச்சிக்குப் போனதும் ஒரு சிறு ஸ்விட்சைத் தள்ளித் திறக்க வேண்டும். அது திறந்தால்தான் மெல்லிய சுற்றும் வரிசையில் சேர்ந்து மின்சாரம் குறையும். இங்கே அந்த ஸ்விட்சின் தகடு வளைந்து, திறக்கவே இல்லை. முழு மின்சாரமும் தடித்த கம்பியிலேயே ஓடி எரித்துவிட்டது. பியூஸ் ஏன் போகவில்லை? வரைபடத்தில் சொன்னதைவிடப் பெரிய பியூஸை யாரோ எப்போதோ போட்டு வைத்திருந்தார்கள். ஸ்விட்ச் போடும் முன் இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் இரண்டுமே கண்ணில் பட்டிருக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டர் எப்படி உதவியது?

அன்று முதல் முறையாக வேலை செய்தேன். இந்த முறைகள் உங்களுக்கும் பல இடங்களில் பயன்படும்.

1. வரைபடத்தை ஏ4 ஸ்கேனரில் பகுதி பகுதியாக 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து ஒன்றாக இணைத்தேன். இத்தகைய கோட்டுப் படங்களை ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள். மெல்லிய கோடுகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல் ஆகிவிடும். பி.என்.ஜி. பைலாகச் சேமியுங்கள்.

2. எந்த ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பும் ஒரு போட்டோ. மொபைலில் அப்படியே விடாமல் அன்றன்றே கம்ப்யூட்டருக்கு மாற்றி, தேதியும் பாகத்தின் பெயரும் வைத்து, தனித்தனிப் போல்டரில் போட்டேன். பென் டிரைவில் இன்னொரு காப்பி. துணி சுற்றிய பழைய வயர்களின் நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். கழற்றிய பிறகு எது எங்கே இருந்தது என்று போட்டோதான் சொல்லும்.

3. எக்ஸெல்லில் ஒரு பட்டியல்: ரிலேயின் பெயர், எத்தனை ஸ்விட்ச், சுத்தம் செய்தாகிவிட்டதா, சோதித்தாகிவிட்டதா. கலர் கொடுத்து வைத்தால் எவ்வளவு வேலை மிச்சம் என்பது ஒரே பார்வையில் தெரியும்.

சுத்தம் செய்தல்

முதல் வேலையாக, நிலக்கம்பி இல்லாத பழைய வயரை எடுத்துவிட்டு மூன்று முனை பிளக்கும் சரியான பியூஸும் போட்டோம். அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட். உள்ளே உள்ள டிரான்ஸ்பார்மர் அதைக் காயில்களுக்கு 25 முதல் 30 வோல்ட்டாகவும், பல்புகளுக்கு 6 வோல்ட்டாகவும் குறைக்கிறது. நம் ஊர் 230 வோல்ட்டில் இதை நேராகச் செருகினால் கதை முடிந்துவிடும்.

ஸ்டெப்பர்களைப் பிரித்து, இறுகிப்போன பழைய கிரீஸை ஆல்கஹாலால் துடைத்தோம். ஸ்பிரே எண்ணெய் மட்டும் கூடாது. அது தூசியைப் பிடித்துக்கொள்ளும். தீப்பொறி பட்டால் எரியவும் செய்யும். துரு ஏறிய குண்டை வீசிவிட்டுப் புதியது வாங்கினோம். சொரசொரப்பான குண்டு ஆட்டப் பலகையின் வண்ணத்தை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். பல்புகளில் 44-ஆம் எண்ணுக்குப் பதில் 47-ஆம் எண். முன்னது 0.25 ஆம்பியர், பின்னது 0.15 ஆம்பியர். சூடு குறைந்தால் பின்கண்ணாடியின் ஓவியம் உரிவதும் குறையும். அந்த ஓவியம் கண்ணாடியின் பின்பக்கம் அச்சிடப்பட்டது. ஈரத்துணியால் துடைத்தால் கையோடு வந்துவிடும். இடது மூலையில் ஏற்கெனவே கொஞ்சம் உரிந்திருந்தது. அதைத் தொட வேண்டாம், என் தந்தை காலத்துக் காயம் அது என்றார் பெரியவர். விட்டுவிட்டோம்.

முடியாத லூப்

புதிய காயிலும் வந்தது. எல்லாம் மாட்டி ஸ்விட்ச் போட்டால், ஸ்கோர் மோட்டார் சுற்ற ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. புரோகிராமில் லூப் முடியாமல் போய்க் கம்ப்யூட்டர் உறைந்து நிற்குமே, அது போல. வீடு மாற இன்னும் ஒன்பது நாள்.

இந்த முறை கையை வைக்கவில்லை. தள்ளி நின்று பார்த்தேன். ஒரே ஒரு ரிலே மட்டும் இழுத்தபடியே இருந்தது: 5 லட்சத்துக்கான ரிலே. வரைபடத்தில் அதற்கு மின்சாரம் வரும் வழிகளைத் தேடினேன். இரண்டு வழிகள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதல் வழியில் உள்ள ஸ்விட்சின் இரு தகடுகளுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகினேன். புரோகிராமில் சந்தேகமான ஒரு வரியைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்போமே, அதே வேலை. மீண்டும் பிளக்கைச் செருகினேன். மோட்டார் அரைச் சுற்றுப் போய் நின்றது!

தவறு கிடைத்துவிட்டது. குண்டு உருண்டு போகும் பாதையில் உள்ள ஸ்விட்ச். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டிய தகடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. போட்டோ போல்டரைத் திறந்து பார்த்தேன். முதல் வாரப் படத்தில் இடைவெளி சரியாகவே இருந்தது. ஆக, எழுபது வருடப் பழைய இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. சுத்தம் செய்யும்போது அழுத்தி வளைத்தவன் நான்தான். பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, முதல் ஆட்டம் உனக்குத்தான் என்றார். நான் அவருக்கே விட்டுக்கொடுத்தேன். இரண்டாவது குண்டிலேயே இயந்திரத்தைக் குலுக்கி 'டில்ட்' ஆக்கிவிட்டார்! உள்ளே வளையத்துக்குள் தொங்கும் ஊசல் குண்டு வளையத்தைத் தொட்டால் அந்த ஆட்டம் அவ்வளவுதான். இயந்திரம் இப்போது மகள் வீட்டில் இருக்கிறது. என் வரைபடப் பைல்களும் ஒரு பென் டிரைவில் கூடவே போயின.

உங்களுக்குச் சில வார்த்தைகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பிழை வந்தால் பதற்றத்தில் பத்து செட்டிங்குகளை ஒரேயடியாக மாற்றிவிடுகிறார்கள். பிறகு எதனால் சரியானது, எதனால் கெட்டது என்றே தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய நிலையைக் குறித்து வையுங்கள். கடைசியாக நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை முதலில் சந்தேகியுங்கள். மிக முக்கியமாக, கம்ப்யூட்டரின் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

பழைய பின்பாலை ஆடிப் பார்க்க ஆசையா? விஷுவல் பின்பால் என்ற இலவச சாப்ட்வேர் விண்டோஸில் இயங்கும். ஆர்வலர்கள் பல மரச்சட்ட இயந்திரங்களை அதற்காக உருவாக்கித் தந்திருக்கிறார்கள். இறக்கியதும் ஆன்டி வைரஸால் ஒரு முறை சோதித்துவிட்டு நிறுவுங்கள். குண்டு ஒவ்வொரு முறை இலக்கில் படும்போதும், உள்ளே எங்கோ ஒரு மோட்டார் சுற்றி ஐந்து துடிப்புகள் அனுப்பிய காலத்தை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.