சக்கர நாற்காலியுடன் வெளிநாட்டுப் பயணம்

எங்களிடம் மூட்டுத் தேய்மானத்திற்குச் சிகிச்சை பெறும் பெரியவர் ஒருவர், பேத்தியின் திருமணத்திற்காக மகனுடன் லண்டன் சென்றார். சில அடிகள் நடப்பார். படி ஏற இயலாது. பயணச்சீட்டு எடுக்கும்போது 'சக்கர நாற்காலி தேவை' என்று மட்டுமே பதிவு செய்திருந்தனர். விமானம் மாறும் ஊரில், படிக்கட்டின் அடியில் நெடுநேரம் காத்திருந்த பின், அவரைத் தூக்கி ஏற்ற நேர்ந்தது. திருமண மகிழ்ச்சியினூடே அந்தக் கூச்சமே மனத்தில் நின்றது என்றார்.

விமான நிறுவனங்கள் இவ்வுதவியை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. படி ஏறுவார், ஆனால் நெடுந்தூரம் நடக்க இயலாதவர் 'டபிள்யூ.சி.எச்.ஆர்.', படி ஏறவும் இயலாதவர் 'டபிள்யூ.சி.எச்.எஸ்.', இருக்கைவரை கொண்டு சேர்க்கப்பட வேண்டியவர் 'டபிள்யூ.சி.எச்.சி.'. தன்மானம் கருதி நிலையைக் குறைத்துக் கூற வேண்டா. உரிய வகையைக் குறைந்தது 48 மணி நேரத்திற்கு முன்பே தெரிவியுங்கள். மின் நாற்காலியாயின், மின்கலத்தின் வகையையும் திறனையும் சேர்த்துக் கூறுங்கள்.

மருத்துவர்களாகிய எங்களுக்கு மேலும் ஒரு கவலை உண்டு. விமானக் கழிவறைக்கு அஞ்சிப் பலர் முந்தைய நாளே தண்ணீரைக் குறைத்துவிடுகின்றனர். இதனால் உடல் வறண்டு, சிறுநீர்த் தொற்றுக்கு வழி ஏற்படுகிறது. நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்திருப்பின் கால் சிரைகளில் இரத்தம் உறையும் அபாயமும் கூடுகிறது. எனவே அளவாகத் தண்ணீர் அருந்துங்கள். கழிவறைக்கு அருகிலுள்ள இருக்கையையும், விமானத்தினுள் பயன்படும் குறுகிய நாற்காலியையும் முன்கூட்டியே கேளுங்கள். நீர்க்கட்டுப்பாடு உள்ள இதய, சிறுநீரக நோயாளிகள் எங்களைக் கலந்தே முடிவு செய்யுங்கள்.

முதுகுத்தண்டு பாதிப்பால் உணர்ச்சி குன்றியவர்களுக்குப் படுக்கைப்புண் வலியின்றியே தோன்றும். உங்கள் மெத்தையைச் சரக்கறைக்கு அனுப்பாமல், இருக்கையில் இட்டு அமருங்கள். அரைமணிக்கு ஒருமுறையேனும் உடன் வருபவர் உங்களைச் சற்று நகர்த்தி அமர்த்தட்டும். இறங்கியதும் தோல் சிவந்துள்ளதா எனப் பாருங்கள். மருந்துகளும் மருந்துச்சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே எங்களை வந்து காணுங்கள். விமான நிறுவனம் கேட்கும் மருத்துவப் படிவத்தை நிரப்பித் தருவோம்.

அப்பெரியவரின் மகன், திரும்பும் முன் எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். பதிவில் ஓரெழுத்தை மாற்றச் சொன்னோம். இம்முறை மின்தூக்கி பொருத்திய வண்டி அவரை விமான வாயில்வரை உயர்த்திச் சென்றது. தமது நாற்காலியிலேயே நிமிர்ந்து அமர்ந்து ஏறியதாகக் கூறினார்.