ஜெய்ப்பூர் கால்

விரல்கள் தனித்தனியே தெரியும் இந்தச் செயற்கை ரப்பர் பாதத்துக்குள் பஞ்சுபோன்ற ரப்பரும் மரக்கட்டையும் இருக்கின்றன. டயரைப் போலவே அச்சிலிட்டுச் சூடாக்கி வல்கனைஸ் செய்தது. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் இதை உருவாக்கினார்கள். விலை மலிவு என்று மட்டும் இதைப் புகழ்வது போதாது. அதுவரை கிடைத்த செயற்கைப் பாதங்கள் ஷூவுக்குள் நுழைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. கணுக்கால் வளையாததால் குந்தி உட்கார முடியாது, சம்மணமிடுவதும் சிரமம். இதுவோ பல திசைகளிலும் வளையும். சேற்றிலும் தண்ணீரிலும் வெறுங்காலாகவே நடக்கலாம். கார்பன் இழைக் கால்கள் இதைவிட லேசானவை, ஓடுவதற்கு ஏற்றவை என்பார்கள். உண்மைதான். ஆனால் தரையில் அமர்ந்து உண்டு, வயலில் இறங்கி வேலை செய்பவருக்கு ஓடுவதைவிட உட்கார்ந்து எழுவதுதான் முதல் தேவை. உள்நாட்டுப் போரில் பலர் கால் இழந்த யாழ்ப்பாணத்திலும் இந்தக் காலைப் பொருத்தவென்றே ஒரு நிலையம் எழுந்தது அதனால்தான்.