சிராங்கூன் சாலையில் சொல் சேர்ப்பவர்கள்

2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் ‘சர்க்யூட் பிரேக்கர்’ தொடங்கியது. ஜூன் 1 வரை நீடித்த கொரோனா முடக்கத்துக்கு அரசு வைத்த பெயர் அது. விடுதி அறைகளில் அடைபட்டுக் கிடந்த தமிழ்த் தொழிலாளர்களில் வயரிங் வேலை பார்ப்பவர்களுக்கு அது பழகிய சாமான்: சுவர்ப் பெட்டிக்குள் இருந்துகொண்டு, மின்னோட்டம் எகிறினால் ‘டப்’பென்று விழுந்து இணைப்பை அறுக்கும் சுவிட்ச். தொற்றுச் சங்கிலியையும் அப்படி அறுப்பதுதான் அரசின் எண்ணம். சுவிட்ச்சைக் கையால் தொட்டவருக்குப் பெயர் உடனே பிடிபடும். ‘சர்க்யூட்’ என்றால் சுற்று, ‘பிரேக்கர்’ என்றால் உடைப்பது என்று தனித்தனியே அர்த்தம் பார்த்தவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 5 அன்று, பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியும் தோ குவானில் உள்ள வெஸ்ட்லைட் விடுதியும் ‘ஐசொலேஷன்’ பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இந்தச் சொல்லும் வேலைத்தளத்தில் ஏற்கெனவே புழங்கியதுதான். ‘ஐசொலேட் த பவர் சப்ளை’ என்று சூப்பர்வைசர் சொன்னால், மின்சாரத்தை நிறுத்தி, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டு மாட்டி, அட்டை தொங்கவிட வேண்டும். ‘தனிமைப்படுத்து’ என்ற ஒற்றை அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் மெயின் சுவிட்ச் முன்னால் நின்று என்ன செய்வார்?

ஆங்கிலச் சொல்வளம் பெருக்க நினைக்கும் தமிழர்களிடம் பெரும்பாலும் ஒரே மாதிரி நோட்டுப் புத்தகம்தான் இருக்கும். இடது பக்கம் ஆங்கிலம், நடுவில் ஒரு கோடு, வலது பக்கம் தமிழ். லிஃப்கோ அகராதியும், ‘30 நாட்களில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்களும் பல தலைமுறைகளுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆணி, ஏணி, கயிறு, சுத்தியல் போன்றவற்றுக்கு அந்தக் கோடே போதும். சிக்கல் வினைச்சொற்களில்தான் தொடங்குகிறது.

‘செக்யூர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நோட்டில் எதிரே ‘பாதுகாப்பான’ என்று இருக்கும். கிரேன் அடியில் நிற்பவரிடம் ‘செக்யூர் த லோட்’ என்றால், தூக்கப்போகும் சுமை நழுவாதபடி இறுக்கிக் கட்டு என்று பொருள். ‘இஸ் த கேட் செக்யூர்?’ என்றால் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்ற கேள்வி. ‘ஹீ செக்யூர்ட் அ ஜாப்’ என்றால் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. கட்டுவதும் பூட்டுவதும் கிடைப்பதும் ‘பாதுகாப்பான’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குமா? மூன்று வாக்கியங்களையும் அந்தச் சொல்லுக்குக் கீழே எழுதிவைத்தால்தான் அது உண்மையில் நோட்டுக்குள் வந்ததாக அர்த்தம்.

எடுத்துக்காட்டு வாக்கியத்தின் அருமையை அகராதிக்காரர்கள் உணர்ந்ததில் ஆசிய மாணவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1920களில் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன ஏ.எஸ். ஹார்ன்பி, அர்த்தம் தெரிந்த மாணவர்களும் அந்தச் சொல்லை வாக்கியத்தில் வைக்கத் தடுமாறுவதைப் பார்த்தார். எந்த வினைக்குப் பின் எது வரும் என்று காட்டும் அகராதி ஒன்றைக் கூட்டாளிகள் இருவருடன் சேர்ந்து தயாரித்தார். 1942இல் தோக்கியோவில் வெளிவந்த அதை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதியின் மூதாதை அதுதான்.

அதே காலத்தில் வங்காளத்தின் டாக்காவில் கல்வி அதிகாரியாக இருந்தவர் மைக்கேல் வெஸ்ட். அவரும் எண்டிகாட் என்பவரும் சேர்ந்து 1935இல் வெளியிட்ட அகராதி 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கியது. விளக்கத்துக்குப் பயன்பட்டவை வெறும் 1,490 சொற்கள்! கடினமான சொல்லைப் பார்க்கப் போய், விளக்கத்தில் அதைவிடக் கடினமான சொல்லில் முட்டிக்கொள்ளும் அவதி அதில் இல்லை. தமிழில் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வந்தது 1992இல் வெளியான ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’. தமிழ் விளக்கம், ஆங்கிலப் பொருள், கூடவே நடைமுறை வாக்கியம் என்று தருவதால், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்களுக்கும் அது கைகொடுக்கும்.

ஹார்ன்பி கண்ட தடுமாற்றம் தமிழர்களுக்கும் உண்டு. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பது தமிழ் வழக்கம். அதனால் ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லோடு ‘அபௌட்’ தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘வீ டிஸ்கஸ்ட் த பிராப்ளம்’ என்ற ஒரு வாக்கியத்தை நாலு தடவை எழுதிவிட்டால் போதும், இலக்கணப் பாடமே வேண்டாம், ‘அபௌட்’ உதிர்ந்துவிடும்.

எத்தனை சொல் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அதிகம் புழங்கும் 2,000 சொற்கள் தெரிந்தால் சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றில் ஏறக்குறைய 80 சதவீதம் பரிச்சயமாகிவிடும். அகராதி உதவியில்லாமல் நாளிதழோ நாவலோ படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்பது நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷனின் கணக்கு. ஆகவே தொடக்கத்திலேயே யாரும் பேசாத ஆடம்பரச் சொற்களின் பட்டியலை உருப்போடுவது வீண் உழைப்பு. முதல் இரண்டாயிரத்தை வாக்கியத்தோடு கற்பதே லாபம்.

சிங்கப்பூரில் இருப்பவருக்கு வாக்கியம் தேடிப் போக வேண்டியதில்லை. ஊரே எழுதி ஒட்டியிருக்கிறது. எம்ஆர்டி ரயிலில் ‘அலைட்’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். நோட்டில் ‘இறங்கு’ என்று எழுதிக்கொள்ளலாம், ஆனால் தமிழில் ரயிலிலிருந்தும் இறங்குகிறோம், ஏணியிலிருந்தும் இறங்குகிறோம். விலையும் இறங்குகிறது, காய்ச்சலும் இறங்குகிறது. ‘அலைட்’ ரயிலுக்கும் பேருந்துக்கும் சரி. ஏணிக்கும் காய்ச்சலுக்கும் ஒத்துவராது.

நிலையச் சுவரில் இன்னொரு பாடம்: ‘ஃபைன்’. புகைபிடித்தால் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சாப்பிட்டாலோ குடித்தாலோ 500, எளிதில் தீப்பற்றும் பொருளைக் கொண்டுவந்தால் 5,000. டுரியான் பழத்துக்கும் தடை உண்டு, அதற்கு மட்டும் தொகை போடவில்லை. ‘சிங்கப்பூர் இஸ் எ ஃபைன் சிட்டி’ என்று அச்சிட்ட டி-ஷர்ட்டைச் சுற்றுலாப் பயணிகள் வாங்கிப் போவார்கள். ‘ஃபைன்’ என்றால் நல்லது என்று மட்டும் தெரிந்தவர் அதை ஊரைப் புகழும் சட்டை என்றே நினைத்துக்கொள்வார். அபராதமும் தெரிந்தவருக்குத்தான் சிரிப்பு வரும்.

லிட்டில் இந்தியாவில் இன்னொரு கூத்து நடக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர், ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலத்தையே மறுபடி கற்க வேண்டியிருக்கிறது. மதுரையில் ‘ஹோட்டல்’ என்றால் இட்லி கிடைக்கும். இங்கே தங்க அறை கிடைக்கும். 1947இல் தொடங்கி சிராங்கூன் சாலையில் இன்றும் தோசை போடும் கோமள விலாஸ் இந்த ஊர்க் கணக்கில் ‘ரெஸ்டாரண்ட்’. ‘பார்சல்’ கேட்டால் அங்குள்ள தேக்கா சந்தைக் கடைக்காரருக்குப் புரியும். சீனர் கடையில் ‘டேக்அவே’ அல்லது ‘தபாவ்’ என்றால்தான் சாப்பாடு பையில் ஏறும்.

போதாக்குறைக்கு ‘சிங்கிலிஷ்’ எனும் உள்ளூர் ஆங்கிலம். ஒன்றும் புரியாமல் விழிப்பவரைச் சிங்கப்பூரர்கள் ‘பிளர்’ என்பார்கள். படம் மங்கலாக இருப்பதைச் சொல்லும் அதே சொல்தான். ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கத்தை அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் 2000ஆம் ஆண்டு தொடங்கிவைத்தார். சிங்கிலிஷைக் குறைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியோ ‘ஷியோக்’, ‘ஹாக்கர் சென்டர்’ போன்றவற்றோடு இந்தப் ‘பிளர்’ரையும் சேர்த்துக்கொண்டது. கற்பவர் இரண்டையும் தெரிந்துகொள்வதே புத்திசாலித்தனம்: சக தொழிலாளியிடம் ஒன்று, வேலைக்கான விண்ணப்பத்தில் மற்றொன்று.

விண்ணப்பம் என்றதும் ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் படிப்பை முடித்த எவரும் ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்று தயங்காமல் எழுதுவார். மற்ற இடங்களில் அதைப் படிப்பவர், இவர் 2019இல் மயக்கம் போட்டு விழுந்தார் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. தேசிய சேவைக்குப் போகும் இளைஞர்கள் அடிப்படை ராணுவப் பயிற்சியை முடிக்கும்போது நடக்கும் அணிவகுப்பின் பெயரே ‘பாஸிங் அவுட் பரேட்’. அந்த வாக்கியத்தில் அது சரியான ஆங்கிலம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ‘எஸ் பாஸ்’ என்ற அனுமதியில் வேலை தேடுபவர் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியது ‘ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமா இன் 2019’.