டிஸ்டெய்ன்: தகுதியை மறுக்கும் சொல்



இன்றைய நினைவுரைக்கு ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: டிஸ்டெய்ன். அகராதியைப் புரட்டினால் ஏளனம், இகழ்ச்சி, அலட்சியம், வெறுப்பு என்று நான்கைந்து தமிழ்ச்சொற்கள் கிடைக்கும். ஆய்வேடுகளிலும் உண்மை அறியும் குழு அறிக்கைகளிலும் 'வெறுப்பு' என்றே எழுதிவிடுகிறோம். அது பொருந்தவில்லை என்பது என் கருத்து. ஒருவரை வெறுக்க வேண்டுமானால், அவரைக் கொஞ்சமாவது பொருட்படுத்தியாக வேண்டும். டிஸ்டெய்னுக்கு அதுகூடத் தேவையில்லை. பேச்சு வழக்கில் 'இளக்காரம்' என்கிறோமே, அதுதான் கிட்டத்தில் வருகிறது.

இதன் வேரைப் பாருங்கள். லத்தீனில் 'டிக்னுஸ்' என்றால் தகுதியுடைய என்று பொருள். டிக்னிட்டி என்ற சொல் அதிலிருந்து வந்தது. அதே வேருக்கு முன்னால் நீக்கத்தைக் குறிக்கும் முன்னொட்டு சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான் டிஸ்டெய்ன். அரசமைப்பின் முகப்புரை தனிமனித மாண்பு என்று சொல்வது இந்த டிக்னிட்டியைத்தான். முகப்புரை உறுதியளிப்பதை இந்தச் சொல் பிடுங்குகிறது.

ஸ்கார்ன் என்பதில் நக்கலும் சீற்றமும் வெளியே தெரியும். கன்டெம்ப்ட் என்றால் நீதிமன்ற அவமதிப்பு உங்கள் நினைவுக்கு வரும்; அதற்கு 1971இல் தனிச்சட்டமே போட்டார்கள். டிஸ்டெய்னில் குரல் உயராது. தேநீர்க்கடைக்காரர் சிரித்த முகத்தோடு தனிக்குவளையை நீட்டலாம். அவருக்கு நம் மேல் கோபம் ஒன்றும் இல்லை. நமக்கு எது தகும் என்பதை அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான்.

இந்த மண்ணிலேயே அதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை எல்லாம் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தன. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன், இந்தியச் சாதி பற்றிய தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடலை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை, செருப்பு கூடாது. அடுத்த ஆண்டு பட்டியல் பதினொன்றாக நீண்டது. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும், சொந்த நிலத்தை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பதும் அப்போது சேர்ந்தவை.

முதல் பட்டியலில் உள்ளவை எல்லாம் ஒரு மனிதர் தன்னை மதித்துக்கொள்ளும் விதங்கள். குடை பிடித்தால் அடுத்தவருக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. 'உனக்கு இது தகாது' என்ற கணக்கு மட்டும் குலைகிறது. கணக்கு குலையாதவரை இளக்காரம் அமைதியாகவே இருக்கும். குலைந்தால் அரிவாள் வரும். 2018 மே 28 இரவு நம் மாவட்டத்துக் கச்சநத்தத்தில் நடந்த தாக்குதலில் தலித்துகள் மூவர் கொல்லப்பட்டார்கள். கோயில் திருவிழாவில் மரியாதை தரவில்லை, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்கள் என்பவைதான் காரணமாகச் செய்திகளில் வந்தன. 2022 ஆகஸ்டில் சிவகங்கை நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

கொலைக்குச் சட்டம் உண்டு. அமைதியான இளக்காரத்துக்கு? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு, இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் அது பொதுமக்கள் பார்வைக்கு எட்டும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது இதில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே புகார் எழுதும் தோழர்கள் 'கேவலமாக நடத்தினார்' என்று நிறுத்திவிடாதீர்கள். எந்த இடம், என்ன சொல், என்ன செய்கை, யார் பார்த்தார்கள் என்பதை எழுதுங்கள்.

கடைசியாக, இலக்கணம். டிஸ்டெய்ன் வினைச்சொல்லாகவும் வரும். ஒரு செயலைத் தன் தகுதிக்குக் கீழானது என்று கருதி மறுப்பதையும் அது குறிக்கும். இந்தப் பயன்பாட்டை நம் எழுத்தில் காணவே முடிவதில்லை. 1927 மார்ச்சில் மகாடில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டுவிடுங்கள் என்று அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். சாவு வீட்டில் பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று தமிழ்நாட்டுச் சேரிகள் சொன்னபோது கூலி வேலையை நிறுத்தினார்கள், ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். (பறையை விரும்பி மேடையேற்றும் தோழர்களோடு எனக்குச் சண்டை இல்லை, கட்டாயத்தில் அடிப்பது வேறு.) இந்த மறுப்புகளை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ரெஃப்யூஸ்ட்' என்று போடுகிறோம். அடுத்த அறிக்கையில் 'டிஸ்டெய்ன்ட்' என்று போடுங்கள். கூலி போதாமல் அவர்கள் மறுக்கவில்லை. அந்த வேலை தங்களுக்குத் தகாது என்று மறுத்தார்கள்.