கண்ட்ரோல் டி யாருக்குச் சொந்தம்?

சித்தூர் கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் தமிழில் பதில் வரும். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில். நாக்குக்கு அது பெரிய சங்கதி இல்லை. விரல்களோ பிடிவாதம் பிடித்தவை.

கல்லூரி லேபில் நோட்பேட் பிளஸ் பிளஸில் பழகிய மாணவர் ஒருவர், திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்து வி.எஸ். கோடைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கம்போலக் கண்ட்ரோல் டி தட்டுகிறார். பழைய எடிட்டரில் கர்சர் நிற்கும் வரி அப்படியே கீழே இன்னொன்றாக விழும். இங்கே அந்தச் சொல் மட்டும் தேர்வாகிறது. இன்னொரு தட்டுக்கு, அதே சொல் அடுத்து வரும் இடமும் சேர்ந்துகொள்கிறது. பாதி புரோகிராமில் இது நடந்தால் எரிச்சல் வராதா?

மருந்து கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கண்ட்ரோல் கே, உடனே கண்ட்ரோல் எஸ். குறுக்குவிசைப் பட்டியல் திறக்கும். ‘காப்பி லைன் டவுன்’ என்று தேடி, அதன்மேல் இரட்டைக் கிளிக் செய்து, வேண்டிய விசைகளை அழுத்தி என்டர் தட்டினால் முடிந்தது. அந்த விசைக்கு ஏற்கெனவே வேறு வேலை இருந்தால், அந்தப் பெட்டியே சொல்லிவிடும். அதைப் படிக்காமல் என்டர் தட்டுகிறவர்கள்தாம் பிறகு திண்டாடுகிறார்கள். ஒவ்வொன்றாக மாற்றப் பொறுமை இல்லாதவர்களுக்கு, நோட்பேட் பிளஸ் பிளஸ் விசைகளை மொத்தமாகக் கொண்டுவரும் நீட்சியும் உண்டு.

இந்த விசைகள் வேதவாக்கு அல்ல. 1976-இல் பில் ஜாய் ‘விஐ’ எடிட்டரை எழுதியபோது அவரிடம் இருந்தது ஏடிஎம்-3ஏ டெர்மினல். அதில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின்மேல் அச்சாகியிருந்தன. அதனால்தான் விஐயின் வாரிசான விம்மில் இன்றும் கே தட்டினால் கர்சர் மேலே போகிறது.

இரு மொழி எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் தமிழ் ககரமும் தெலுங்கு ககரமும் அதே கே விசையில்தான். மொழியை மாற்ற மறந்து கே தட்டினால் விம்முக்குப் போவது ‘க’, கர்சர் அசையாது. ‘லாங்மேப்’ என்ற அமைப்பில் ‘க’ வந்தால் கே என்று எடுத்துக்கொள் என ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும்.

கை இடறும் நாலைந்து விசைகளை மட்டும் மாற்றுங்கள். காப்பி, பேஸ்ட், அன்டூ பக்கம் போகாதீர்கள். நேர்முகத் தேர்வில் உங்களுக்குத் தரும் கம்ப்யூட்டரில் உங்கள் விசைகள் இருக்காது.