கூட்டுப் பட்டாவில் ஒரு கையெழுத்து
(வானொலி உரை)



மல்லாட்டைக்கு எப்போது ஜிப்சம் போடுவது, கரும்புக்கு எப்போது மண் அணைப்பது என்று பல தடவை பேசியாகிவிட்டது. இன்றைக்கு அந்தப் பயிர் நிற்கிற நிலத்தைப் பற்றிப் பேசுவோம். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும், அப்பா காலமாகிப் பத்து வருஷம் ஆன பிறகும் அவர் பேரிலேயே பட்டா இருக்கிற குடும்பம் நாலு இருக்கும். பிள்ளைகள் வாய்ப்பேச்சாகப் பிரித்து, வரப்பு போட்டு, உழுது சாப்பிடுகிறார்கள். "நமக்குள்ள என்னப்பா பத்திரம்?" என்பார்கள். அந்தப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தம் சொந்த உழைப்பில் 3 ஏக்கர் 60 சென்ட் வாங்கினார். உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். மனைவி இருக்கிறாள். இரண்டு மகன், ஒரு மகள். இந்து வாரிசுச் சட்டம், 1956-ன்படி நாலு பேருக்கும் சம பங்கு. தலைக்கு 90 சென்ட். "கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு ஏது பங்கு?" என்று கேட்கக் கூடாது. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. பாட்டன் வழிச் சொத்திலும் தமிழ்நாட்டுச் சட்டம் 1989-ல் மகளுக்குப் பங்கு தந்தது. ஆனால் 25.3.1989-க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்தது. 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சரி, பெரியவன் பட்டணத்தில் வேலை பார்க்கிறான். வீடு கட்டப் பணம் முடை. செஞ்சி ரோட்டு ஓரம் மனை போடுகிற ஒருவர் வந்து, "உன் பாகத்தை மட்டும் எனக்கு எழுதிக் கொடு" என்கிறார். பிரிபடாத பாகத்தை ஒரு பங்குதாரர் தனியாக விற்க முடியுமா? முடியும். ஆனால் வாங்கினவர் கிணற்று மேட்டையோ ரோட்டு முகப்பையோ 'இது என்னுது' என்று வளைத்துக்கொள்ள முடியாது. அவருக்குக் கிடைப்பது நாலில் ஒரு பங்கு என்கிற உரிமைதான். அதைப் பிரித்து வாங்க அவர் கோர்ட்டுக்குப் போகலாம்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். 1893-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் இன்றும் இருக்கிறது. சொத்தைச் சரியாகப் பிரிக்க முடியாது, விற்றுப் பணத்தைப் பங்கு போடுவதே எல்லாருக்கும் நல்லது என்று கோர்ட்டுக்குத் தோன்றினால், மொத்தத்தையும் விற்க உத்தரவு போடலாம். ஆனால் அப்படிக் கேட்கிறவர்களுக்குப் பாதிப் பங்காவது இருக்க வேண்டும். நாலில் ஒன்று வைத்திருப்பவர் தனியாகக் கேட்க முடியாது. அதனால் அவர் அடுத்து எங்கே போவார்? தங்கச்சி வீட்டுக்குப் போவார். "உங்க அண்ணன், தம்பி உனக்கு என்னம்மா குடுத்தாங்க? உன் 90 சென்டுக்கு நான் பணம் தர்றேன்" என்பார். அவள் கையெழுத்துப் போட்டால் 90-ம் 90-ம் சேர்ந்து 1 ஏக்கர் 80 சென்ட். அதுதான் பாதி. கதவைத் திறப்பது அந்த இரண்டாவது கையெழுத்து. வீட்டுப் பெண்ணுக்குப் பங்கே இல்லை என்று விரட்டின குடும்பத்தில் அந்தக் கையெழுத்து சுலபமாக விழும்.

அப்போதும் வழி அடைத்துவிடவில்லை. விற்கச் சொல்லிக் கேட்டவர்களின் பங்கைக் கோர்ட் மதிப்புப் போட்டு, வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்கிற மற்ற பங்குதாரருக்கே முதலில் தர வேண்டும். குடியிருக்கும் வீட்டில் வெளியாள் பங்கு வாங்கிப் பிரிவினைக்கு வந்தாலும், வீட்டு ஆட்கள் அந்தப் பங்கை மதிப்புக் கொடுத்துத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கஷ்டம் உண்டு. மதிப்பு மனை விலைக்குப் போடப்படும், நம் கையில் இருப்பதோ மல்லாட்டை விற்ற பணம். சட்டம் வாய்ப்பைத் தரும், பணத்தைத் தராது.

ஆகையால் முன்னமே மடக்க வேண்டும். இந்து வாரிசுச் சட்டம் 22-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. உயில் இல்லாமல் வந்த சொத்தில் ஒரு வாரிசு தன் பங்கை விற்கப் போனால், கூடப் பிறந்தவர்களும் தாயும் முதலில் கேட்கலாம். விலை ஒத்துவரவில்லை என்றால் கோர்ட் தீர்மானிக்கும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அண்ணன் விற்கப் போகிறான் என்று காதில் விழுந்த அன்றே வக்கீலைப் பாருங்கள். அறுப்பு முடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

இது நம் ஊர்த் தொல்லை மட்டும் இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயக் குடும்பங்கள் உயில் எழுதாமல் தலைமுறையாக நிலத்தைப் பொதுவில் வைத்திருந்தார்கள். வெளியாள் ஒரு சின்னப் பங்கை வாங்கி, கோர்ட் மூலம் மொத்தத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். ஏலத்தில் நிலம் அடிமாட்டு விலைக்குப் போனது. குடும்பத்தாருக்கே முதலில் வாங்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்று 2010-ல் ஒரு மாதிரிச் சட்டம் அங்கே எழுதப்பட்டு, பல மாநிலங்கள் அதை ஏற்றுக்கொண்டன.

இப்போது செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று வாங்குங்கள். அம்மா பேரும் மகள் பேரும் அதில் விடுபடக் கூடாது.

இரண்டு: எல்லாரும் முகம் கொடுத்துப் பேசுகிற காலத்திலேயே பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். பதிவாகாத கூர்ச்சீட்டை மட்டும் காட்டி நிலம் பிரிந்துவிட்டது என்று கோர்ட்டில் நிலைநாட்டுவது கஷ்டம். குடும்பத்துக்குள் செய்கிற பிரிவினைக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு. கிரயச் செலவோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு.

மூன்று: பத்திரத்தில் நிலத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறைத் தண்ணீர், மோட்டார் ரிப்பேர் செலவு யார் தலையில், மின் இணைப்பு யார் பேரில், வண்டிப்பாதை எத்தனை அடி, தென்னை, புளி யாருக்கு என்று எல்லாம் எழுத வேண்டும். நிலம் பிரிந்தும் சண்டை தீராத குடும்பங்களில் பெரும்பாலும் கிணறுதான் காரணம்.

நான்கு: பதிவானதும் உட்பிரிவுக்கு மனு கொடுத்து, சர்வேயர் அளந்து தனிப் பட்டா வரும்வரை விடாதீர்கள்.

ஐந்து: பணம் தேவைப்படுகிறவரைத் திட்டாதீர்கள். "அண்ணே, வெளியாளுக்குக் குடுக்காத. ரெண்டு போகத்துல பாதி தர்றேன், மீதிக்கு எழுதிக்குவோம்" என்று கேளுங்கள். நியாய விலை கொடுத்தால் பெரும்பாலானோர் வீட்டுக்குள்ளேயே தருவார்கள்.

ஆறு: என்னவென்று படிக்காமல் விடுதலைப் பத்திரத்திலோ அதிகாரப் பத்திரத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். வருஷம் ஒரு தடவை வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

வழக்கு வந்துவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைக்கும். லோக் அதாலத்தில் சமரசம் ஆனால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதற்கு மேல் அப்பீல் இல்லை. கட்டின கோர்ட் கட்டணமும் திரும்ப வரும்.

கல்யாணமோ கருமாதியோ, அடுத்த தடவை எல்லாரும் ஒன்று கூடும்போது, சாப்பிட்ட இலை எடுத்ததும் பட்டாவை எடுத்து நடுவில் வையுங்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தங்கச்சியையும் கூப்பிடுங்கள்.