குளிரின் கணக்கு: மலைமேல் கேஜ் சொல்வது

போன வாரம் ஹெட் பிரஷர் ஏறி சில்லர் நின்றுபோவதைப் பார்த்தோம். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகிய கோளாறு அது. இந்த வாரம் அதே வாட்டர்-கூல்டு சில்லரை லாரியில் ஏற்றி, சிம்பாங் பூலாய் பாதை வழியாகக் கேமரன் மலைக்குக் கொண்டுபோய், கம்போங் ராஜாவில் ஒரு காய்கறிக் குளிரறைக்குப் பக்கத்தில் இறக்குவோம். லாரி கற்பனைதான், கணக்கு உண்மை.

ஒரு பக்கம் புளூ வேலி தேயிலை, இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் கூரைகளுக்குக் கீழே காய்கறி. விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே நிற்க முடியாத ஊர். இவ்வளவு குளிரில் சில்லருக்குச் சுகவாசம்தானே என்று தோன்றும். இல்லை.

கூலிங் டவர் எவ்வளவு நன்றாக ஓடினாலும், நீரைக் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்காது. கோலாலம்பூரில் அது 25 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆகவே கண்டென்சருக்கு 29, 30 டிகிரி நீர் வரும். மெஷினும் அதற்குத்தான் வடிவமைக்கப்பட்டது. மலையில் விடியலின் ஈரக்குமிழ் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். லோடும் குறைவு, டவர் ஃபேனும் முழு வேகம் என்றால் 20 டிகிரிக்கும் கீழான நீர் கண்டென்சருக்குள் பாயும். ஹெட் பிரஷர் படுத்துவிடும். எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகத் திரவத்தைத் தள்ளப் போதிய அழுத்தம் இல்லை, இவாபரேட்டர் பட்டினி கிடக்கும், சக்ஷன் விழும், மெஷின் லோ பிரஷரில் நிற்கும்.

சமதளத்திலிருந்து போன மெக்கானிக் இங்கேதான் சறுக்குவார். சக்ஷன் குறைவா, கேஸ் பற்றவில்லை என்று சிலிண்டரைத் திறந்துவிடுவார். காலையில் மெஷின் ஓடும். மத்தியானம் வெயில் ஏறி லோடு கூடியதும் அதே மெஷின் ஹை பிரஷரில் நிற்கும். பிறகு ஏற்றிய கேஸை இறக்க வேண்டும். இந்த வேலைக்கு இரட்டைக் கூலி வேறு!

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் கண்டென்சரிலிருந்து வரும் திரவத்தில் சப்கூலிங் சொற்பமாக இருக்கும். டவர் நீரின் குளிர்ச்சிதான் காரணம் என்றால் திரவம் கண்டென்சரிலேயே தேங்கும், சப்கூலிங் குறையாது. மருந்தும் கேஸ் அல்ல. டவர் ஃபேன் வேகத்தைக் குறைக்கலாம்; அல்லது பைபாஸ் வால்வு போட்டு, திரும்பி வரும் சுடுநீரில் ஒரு பகுதியை டவருக்கு அனுப்பாமல் கலந்துவிடலாம்.

இனி கேஜுக்கு வருவோம். உயரத்தை 1,400 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறைவு. கையில் பிடிக்கும் கேஜ் சுற்றுக் காற்றைத்தான் சுழியாகக் கொள்கிறது. ஆர்-134ஏ மெஷினில் சக்ஷன் கேஜ் 30 காட்டினால், சட்டைப்பையில் இருக்கும் அட்டவணை 1.4 டிகிரி என்கிறது. உண்மையில் இவாபரேட்டர் 0 டிகிரிக்கு வந்துவிட்டது. நீர் ஓட்டமும் குறைந்திருந்தால் டியூபுக்குள் பனி கட்டும். டியூப் வெடித்தால் கேஸ் வட்டத்துக்குள் நீர் புகும், பிறகு கம்ப்ரசரையும் மறந்துவிடலாம். பேனல் காட்டும் எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. அதன் சென்சார் எந்த வகை என்று பார்த்தே கணக்கிட வேண்டும்.

மீதி இருப்பது சேறு. மலைச்சரிவுகளை வெட்டிய மண் மழைக்கு ஆற்றில் இறங்குகிறது. தெலோம் ஆற்று நீர் சுரங்கம் வழியாகப் போய்ச் சேரும் ரிங்லெட் ஏரி, 1963-இல் முடிந்த சுல்தான் அபு பக்கர் அணையின் ஏரி, வண்டல் படிந்து தவிப்பது ஊரறிந்த சங்கதி. ஓடை நீரை டவரில் விட்டால் அதே வண்டல் தொட்டியிலும் படியும். ஸ்ட்ரெய்னர் அடைத்தால் கண்டென்சருக்குள் போகும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமான 5 டிகிரியைத் தாண்டும். வித்தியாசம் மாறாமல், கண்டென்சிங் வெப்பநிலை மட்டும் வெளிவரும் நீரைவிட மேலே மேலே போனால், டியூபைப் பிரஷ் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மலைக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வண்டியிலிருந்து முதலில் தெர்மாமீட்டரை இறக்குங்கள், கேஸ் சிலிண்டர் கடைசியில் இறங்கட்டும். கண்டென்சருக்குள் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த வாரம்.